ஜி புரதத்தை மட்டும் தூண்டும் மருந்து: மூச்சைத் தொடாமல் வலியை மட்டும் அடக்க முடியுமா?

ஜூன் 3, இரவு 9.20

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒலிசெரிடின் என்ற வலி மருந்து ஜி புரதத்தின் வழியாக மட்டும் வேலை செய்கிறது, பீட்டா அரெஸ்டினைத் தொடுவதில்லை, அதனால் மூச்சை அடக்காது என்று படித்தேன். ஆனால் மருந்தின் குறிப்பேட்டில் உயிருக்கு ஆபத்தான மூச்சுத் தளர்ச்சி பற்றிக் கட்டம் கட்டிய எச்சரிக்கை இருக்கிறதே? எது உண்மை?"

குறிப்பேடுதான் உண்மை. படித்தது பழைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையை எட்டு ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான், ஆகவே பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

முதலில் அடிப்படை. மார்ஃபின் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மருந்துகள் போய் ஒட்டுவது, செல்லின் மேற்பரப்பில் இருக்கும் மியூ ஓபியாய்டு ஏற்பி என்ற புரதத்தில். ஜி புரதத்தோடு இணைந்து வேலை செய்யும் இந்தக் குடும்பத்து ஏற்பிகள் மனித உடலில் ஏறக்குறைய 800 இருக்கின்றன. இன்று விற்பனையில் இருக்கும் மருந்துகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இவற்றைத்தான் குறிவைக்கின்றன. மருந்து வெளியில் ஒட்டியதும் ஏற்பி செல்லுக்குள் வளைந்து கொடுக்கிறது. அங்கே காத்திருக்கும் ஜி புரதம் இரண்டாகப் பிரிந்து செய்தியைக் கடத்துகிறது. சிறிது நேரத்தில் கைனேஸ் நொதிகள் ஏற்பியின் வாலில் பாஸ்பேட்டுகளை ஒட்டுகின்றன, அந்த வாலை அரெஸ்டின் வந்து பிடித்துக்கொள்கிறது. ஜி புரதம் நெருங்க இடமில்லாமல் போகிறது. ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்படுகிறது. பிடித்து நிறுத்துவதால்தான் அந்தப் பெயர்.

ஜி புரதத்தைக் கண்டறிந்ததற்கு கில்மனுக்கும் ராட்பெல்லுக்கும் 1994இல் நோபல் கிடைத்தது. ஏற்பிகளைப் பற்றிய ஆய்வுக்கு லெஃப்கோவிட்ஸுக்கும் கோபில்காவுக்கும் 2012இல் கிடைத்தது. அரெஸ்டின் வெறும் தடுப்பான் அல்ல, அதுவும் தன் பங்குக்குச் செய்தி கடத்துகிறது என்று காட்டியதில் லெஃப்கோவிட்ஸ் குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு. அதிலிருந்துதான் ஆசை பிறந்தது: ஒரே ஏற்பி இரண்டு செய்திகளைத் தருமானால், நல்லதை மட்டும் தட்டி எழுப்பும் மருந்தைச் செய்தால் என்ன?

ஜூன் 3, இரவு 10.05

மேலே விட்டுப்போனது: அரெஸ்டின் "கெட்டது" என்று யார் சொன்னது என்பதை எழுதவில்லை.

1999இல் பீட்டா அரெஸ்டின் 2 இல்லாத எலிகளில் மார்ஃபினின் வலி நிவாரணம் கூடுதலாகவும் நீண்ட நேரமும் இருந்தது. மறு ஆண்டு, அந்த எலிகள் மருந்துக்கு எளிதில் பழகிப்போகவில்லை என்று தெரிந்தது. 2005இல் அதே வகை எலிகளில் மூச்சுத் தளர்ச்சியும் மலச்சிக்கலும் குறைவு என்று அறிக்கை வந்தது. மூன்றையும் வரிசையாக வைத்தால் கதை தானாக எழுந்து நிற்கிறது: வலி நிவாரணம் ஜி புரதத்தின் கொடை, தொல்லைகள் அரெஸ்டினின் வேலை. கரும்பலகையில் ஏற்பிக்குக் கீழே இரண்டு அம்புக்குறிகள் வரைவேன். இடது பக்கம் பச்சை, வலது பக்கம் சிவப்பு. மாணவர்கள் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார்கள். அவ்வளவு எளிதாகப் புரிந்ததே என்னைச் சந்தேகிக்க வைத்திருக்க வேண்டும்.

ஜூன் 4, காலை 6.40

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "அப்படியானால் ஒலிசெரிடின் ஏமாற்றா?" என்று கேட்கிறார். இல்லை. அது வேலை செய்யும் வலி மருந்து. அதன் பாதையைத் தேதிவாரியாகச் சொல்கிறேன்.

கால் பெருவிரல் எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகும், வயிற்றுத் தோல் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் என இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. இரண்டிலும் போலி மருந்தைவிட நன்றாக வலியைக் குறைத்தது. ஆனால் மூச்சுத் தொல்லைக்கென வகுத்த அளவுகோலில், வலியை நன்றாகக் குறைத்த டோஸ்களில், மார்ஃபினைவிடப் பாதுகாப்பானது என்று புள்ளியியல்படி நிறுவ முடியவில்லை. 2018 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 8க்கு 7 என்று எதிராக வாக்களித்தது. நவம்பரில் அனுமதி மறுக்கப்பட்டது. இதயத் துடிப்பின் மின் இடைவெளி நீள்வது பற்றிக் கூடுதல் தரவு கேட்டார்கள். 2020 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது: நரம்பு வழி ஊசி மட்டும், ஒரு நாளைக்கு மொத்தம் 27 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, மற்ற ஓபியாய்டுகளுக்கு உள்ள அதே கட்டம் கட்டிய எச்சரிக்கையுடன்.

ஜூன் 4, இரவு 11.10

ஆய்வுக்கூடத்தைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது. முனைவர் பட்டத்துக்காக நான்கு ஆண்டுகள் இந்த அளவீடுகளைத்தான் செய்தேன்.

மியூ ஏற்பி கொண்ட செல்களை 96 குழித் தட்டில் வளர்ப்போம். முதல் நாள் மாலை செல்களை இறக்கிவிட்டு, மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்க்கும்போது அவை தரையில் நன்றாக ஒட்டிப் பரந்திருக்க வேண்டும். உருண்டையாக மிதந்தால் அன்றைய நாள் வீண். ஒரு தட்டில் ஜி புரத அளவீடு: ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளைப் போட்டு, செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பியின் அளவை ஏற்றிவிட்டு, மருந்து அதை எவ்வளவு இறக்குகிறது என்று பார்ப்போம். இன்னொரு தட்டில் அரெஸ்டின் அளவீடு: அரெஸ்டின் ஏற்பியின் பக்கம் வந்தால் ஒளி வரும். ஒப்பீட்டுக்கு, மியூ ஏற்பியை முழுத் திறனோடு தூண்டும் டாம்கோ என்ற பெப்டைடை 100 என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு புதுச் சேர்மம் கையில் கிடைத்தது. ஜி புரதத் தட்டில் அதன் கோடு டாம்கோவின் கோட்டோடு ஒட்டி மேலே போனது. அரெஸ்டின் தட்டில் தரையோடு தரையாகக் கிடந்தது. அச்செடுத்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடியது இன்றும் நினைவிருக்கிறது. ஜி புரதச் சார்பு மருந்து, அதாவது அரெஸ்டினை விட்டு ஜி புரதத்தின் பக்கம் சாய்ந்த மருந்து, என் கையில் என்று நினைத்தேன்.

என் மேற்பார்வையாளர் அந்தத் தாளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "எத்தனை ஏற்பி மிச்சம் இருக்கிறது?"

அந்தக் கேள்வி புரிய எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. நாளை எழுதுகிறேன்.

ஜூன் 5, மாலை 7.30

ஜி புரத வழி ஒரு பெருக்கி. தூண்டப்பட்ட ஓர் ஏற்பி பல ஜி புரதங்களை அடுத்தடுத்து எழுப்பும். நாம் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செல்களில் ஏற்பிகள் மிதமிஞ்சிக் கிடக்கும். அவற்றில் கொஞ்சம் மட்டும் சோம்பலாக இயங்கினாலும் சைக்ளிக் ஏஎம்பி முழுவதும் இறங்கிவிடும். பலவீனமான மருந்துகூட முழு மதிப்பெண் வாங்கிவிடும். அரெஸ்டின் வழி அப்படியல்ல: ஓர் ஏற்பிக்கு ஓர் அரெஸ்டின். பெருக்கம் கிடையாது. பலவீனமான மருந்து அங்கே பலவீனமாகவே தெரியும்.

ஆகவே எந்தச் சார்பும் இல்லாத, திறன் குறைந்த ஒரு சாதாரண மருந்தை இந்த இரண்டு தட்டுகளிலும் போட்டாலும் ஒன்றில் உயரமும் மற்றொன்றில் தரையும் கிடைக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது "ஜி புரதச் சார்பு".

சோதித்துப் பார்க்க வழி உண்டு. பீட்டா ஃபுனால்ட்ரெக்ஸமின் என்ற பொருள் மியூ ஏற்பியோடு மீளாமல் பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்யும். அதைக் கொண்டு உபரி ஏற்பிகளை அடைத்துவிட்டு மறுபடியும் ஜி புரத அளவீட்டைச் செய்தேன். டாம்கோவின் கோடு வலது பக்கம் நகர்ந்தது, ஆனால் உயரம் பெரிதாகக் குறையவில்லை. என் சேர்மத்தின் கோடு பாதிக்கும் கீழே சரிந்தது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதே சரிவு. என்னிடம் இருந்தது பகுதித் திறன் கொண்ட இன்னொரு ஓபியாய்டு, அவ்வளவே.

அன்று மாலை குளிர்பதனப் பெட்டியில் அந்தக் குப்பியின் மேல் நான் ஒட்டியிருந்த "சார்பு" என்ற சீட்டைக் கிழித்துவிட்டு எண்ணை மட்டும் எழுதினேன்.

ஜூன் 5, இரவு 8.15

திருத்தம். "எந்தத் தட்டையும் நம்ப முடியாது" என்பதாக மேலே இருப்பது தோன்றினால் அது என் எழுத்தின் குறை. கணக்கு வழிகள் இருக்கின்றன. 1983இல் பிளாக்கும் லெஃபும் தந்த செயல்பாட்டு மாதிரியை வைத்து, ஒவ்வொரு வழியிலும் மருந்தின் திறனையும் ஒட்டும் தன்மையையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஒப்பீட்டு மருந்தோடு கழித்துப் பார்க்கலாம். ஆனால் தரையோடு கிடக்கும் கோட்டிலிருந்து எந்தக் கணக்கும் நம்பகமான எண்ணைத் தராது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பதைக் கொண்டு வகுத்தால் சார்பு எண் ஆகாயத்துக்குப் போகும். பெரிய சார்பு எண்ணைக் கண்டால் நான் முதலில் அரெஸ்டின் கோட்டைத்தான் தேடிப் பார்ப்பேன்.

ஜூன் 7, காலை 5.50

சொந்த அனுபவம் ஒன்று. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அப்பாவுக்கு வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை. முதல் இரவு மார்ஃபின் பம்ப் வைத்திருந்தார்கள். வலி வந்தால் அவரே பொத்தானை அழுத்திக்கொள்ளலாம். இரவு இரண்டு மணிக்கு அவர் ஆழ்ந்து தூங்குவதைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. விரலில் மாட்டிய கருவி 96 காட்டியது. பிறகு மார்பைப் பார்த்தேன். எழும்பியது, அடங்கியது, அப்படியே நின்றது. கைக்கடிகாரத்தின் முள்ளைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு ஏழு.

செவிலியர் ஓடி வந்து தோளைத் தட்டி, "ஐயா, கண்ணைத் திறங்கள், மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள்" என்றார். இழுத்தார். சொல்வதை நிறுத்தியதும் அவரும் நிறுத்திவிட்டார். மருத்துவர் வந்து பம்ப்பை நிறுத்தி, ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நாலாக்ஸோனைச் சிறிது சிறிதாக ஏற்றினார். சில நிமிடங்களில் மூச்சு 13 ஆனது. உடனே அப்பா முகத்தைச் சுளித்து, "வலிக்கிறதடா" என்றார்.

மூச்சும் வலியும் ஒன்றாகத் திரும்பி வந்தன. வகுப்பில் நான் வரைந்துகொண்டிருந்த பச்சை அம்பும் சிவப்பு அம்பும் அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றபோது எனக்குப் பொருள்படவே இல்லை.

ஜூன் 7, பிற்பகல் 1.25

மயக்க மருந்து மருத்துவர் ஒருவர் இரண்டு திருத்தங்கள் அனுப்பியிருக்கிறார். இரண்டும் சரி.

ஒன்று: அப்பாவுக்குக் கூடுதல் ஆக்சிஜன் கொடுத்திருந்தால் விரல் கருவி காட்டும் 96ஐ நம்பி உட்காரக் கூடாது. மூச்சு குறைந்து கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கும்போதும் அந்த எண் நன்றாகவே இருக்கும். எண்ண வேண்டியது மூச்சை. (ஆம், மூக்கில் குழாய் இருந்தது.)

இரண்டு: நாலாக்ஸோனால் வலியும் மூச்சும் ஒன்றாகத் திரும்பியதை வைத்து இரண்டும் ஒரே ஜி புரத வழிதான் என்று முடிவு கட்ட முடியாது. நாலாக்ஸோன் ஏற்பியையே மறைக்கிறது. ஏற்பிக்குக் கீழே எத்தனை வழி இருந்தாலும் எல்லாமே அணையும். அளவாகக் கொடுத்தால் வலி நிவாரணத்தின் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொண்டே மூச்சை மீட்கவும் முடியும். ஒப்புக்கொள்கிறேன். அந்த இரவு எனக்குக் கேள்வியைத் தந்தது, விடையை அல்ல. இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்: நாலாக்ஸோன் சீக்கிரம் தீர்ந்துவிடும், மார்ஃபின் நீடிக்கும், ஆகவே மூச்சு திரும்பியதும் நோயாளியை விட்டு நகரக் கூடாது.

ஜூன் 8, இரவு 9.45

சரி, விடை எங்கிருந்து வந்தது? எலிகளிடமிருந்தே.

2005ஆம் ஆண்டின் அந்த மூச்சுச் சோதனையை ஜெர்மனியின் யெனா, இங்கிலாந்தின் பிரிஸ்டல், ஆஸ்திரேலியாவின் சிட்னி என மூன்று ஊர்களின் ஆய்வுக்கூடங்கள் தனித்தனியாகத் திரும்பச் செய்து, 2020இல் சேர்ந்து வெளியிட்டன. பீட்டா அரெஸ்டின் 2 இல்லாத எலிகளிலும் மார்ஃபின் மூச்சை அடக்கியது. சாதாரண எலிகளில் எவ்வளவோ அவ்வளவு. ஃபென்டானில் என்ற இன்னொரு ஓபியாய்டும் அப்படியே.

அதற்கு முந்தைய ஆண்டு இன்னும் நேர்த்தியான ஒரு சோதனை வந்திருந்தது. அரெஸ்டினை அப்படியே விட்டுவிட்டு, மியூ ஏற்பியின் வாலில் பாஸ்பேட் ஒட்டும் இடங்களை மரபணுவில் மாற்றிவிட்டார்கள். அரெஸ்டினுக்குப் பிடிக்க வாலில்லை. இந்த எலிகளில் வலி நிவாரணம் கூடியது, மருந்துக்குப் பழகிப்போவது குறைந்தது. அதாவது பழைய கதையின் முதல் பாதி நின்றது. ஆனால் மூச்சுத் தளர்ச்சியும் மலச்சிக்கலும் போகவில்லை.

யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பே இல்லை. ஜி புரதம் பிரியும்போது கழன்று வரும் பீட்டா காமா துண்டு, நரம்புச் செல்லின் பொட்டாசியம் வாயில்களைத் திறக்கிறது, கால்சியம் வாயில்களை அடைக்கிறது. செல் அடங்குகிறது. வலியைக் கடத்தும் செல் அடங்கினால் நிவாரணம். மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தை உண்டாக்கும் செல் அடங்கினால் மூச்சு தளரும். செய்தி ஒன்றுதான், அது போய்ச் சேரும் இடம்தான் வேறு. அந்தப் பொட்டாசியம் வாயிலின் ஒரு பகுதி இல்லாத எலிகளில் ஓபியாய்டு மூச்சை அடக்குவது குறைகிறது என்று 2016இல் காட்டியிருந்தார்கள். ஜி புரத வழிதான் மூச்சை அடக்குகிறது என்பதற்கு அது அப்போதே கண் முன்னால் இருந்த சாட்சி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

ஜூன் 8, இரவு 10.00

பி.இசட்.எம்.21 என்ற ஜி புரதச் சார்புச் சேர்மத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: அது 2016இல் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை ஏற்பியின் வடிவத்தில் கணினி வழியே பொருத்திப் பார்த்துத் தேடி எடுத்தது. மூச்சைக் காக்கும் என்றார்கள். 2018இல் வேறொரு குழு எலிகளில் பார்த்தபோது மூச்சை அடக்கத்தான் செய்தது. தேடிய முறை அழகானது, அந்த மதிப்பு குறையவில்லை.

ஜூன் 10, மாலை 6.10

ஆய்வு மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். "ஒலிசெரிடின், பி.இசட்.எம்.21, எஸ்.ஆர்.17018 என்ற ஆய்வுச் சேர்மம், புப்ரெனார்ஃபின் என்ற பழைய ஓபியாய்டு ஆகியவற்றின் பாதுகாப்பு இடைவெளி (வலியைக் குறைக்கும் டோஸுக்கும் மூச்சை அடக்கும் டோஸுக்கும் உள்ள தூரம்) அகலமாக இருப்பதற்குச் சார்பு காரணமல்ல, குறைந்த திறனே காரணம் என்று 2020இல் வந்த கட்டுரையை நீங்கள் முடிவான தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறீர்கள். அதை மறுத்தும் எழுதியிருக்கிறார்கள். குறைந்த திறன் மட்டுமே எல்லாவற்றையும் விளக்காது என்கிறார்கள்" என்கிறார்.

உண்மை. மறுப்பும் கனமானது. எஸ்.ஆர்.17018 எலிகளில் நடந்துகொள்ளும் விதம் சாதாரணப் பகுதி இயக்கியை (ஏற்பியை முழுத் திறனோடு தூண்டாத மருந்தை) போல இல்லை. என் குப்பியில் இருந்தது பகுதி இயக்கி என்பதால் எல்லோருடைய குப்பியிலும் அதுவே இருக்கிறது என்று நான் பேசிவிட்டேன். திருத்திக்கொள்கிறேன்: மூச்சுத் தளர்ச்சிக்கு அரெஸ்டின் தேவையில்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சார்பு என்பதே கிடையாது என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

புப்ரெனார்ஃபினைப் பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். மனிதத் தன்னார்வலர்களில் அது மூச்சை அடக்குவது ஓர் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடுகிறது. சோதித்த டோஸ்களுக்குள் வலி நிவாரணம் தொடர்ந்து ஏறியது. சார்பு என்ற சொல் நாகரிகமாவதற்கு வெகு காலம் முன்பே மருந்துக்கடையில் இருந்த மருந்து. ஆனால் தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் அந்த உச்சவரம்பை நம்பக் கூடாது.

ஜூன் 11, காலை 7.15

ஓபியாய்டை விட்டு வேறெங்காவது இது பலித்திருக்கிறதா என்று கேட்டார்கள். நயாசின் கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பிரிவினை உண்மையாகவே நடந்தது.

ரத்தக் கொழுப்பைச் சீராக்கக் கொடுக்கப்பட்ட வைட்டமினான நயாசினை அதிக அளவில் சாப்பிட்டால் முகமும் கழுத்தும் சிவந்து எரியும். பலர் அதனாலேயே மருந்தை நிறுத்தினார்கள். அந்தச் சிவப்புக்கு பீட்டா அரெஸ்டின் 1 காரணம், கொழுப்பு அமிலம் குறைவதற்கு அது தேவையில்லை என்று 2009இல் எலிகளில் காட்டினார்கள். அதே ஏற்பியில் ஜி புரத வழியை மட்டும் தூண்டும் எம்.கே.0354 என்ற சேர்மம் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது. முகம் சிவக்கவில்லை. கொழுப்பு அமிலம் இறங்கியது. கோட்பாட்டின்படி எல்லாம் நடந்தது. ஆனால் யாருக்காக அந்த மருந்தோ, அந்த ரத்தக் கொழுப்பில் பயன்படும் அளவுக்கு மாற்றமே வரவில்லை. தொல்லையைச் சரியாகப் பிரித்தெடுத்தார்கள். பலன் எந்த வழியில் வருகிறது என்று நினைத்தார்களோ அந்த வழியில் அது வரவில்லை.

எனக்கு ஒலிசெரிடினைவிட இந்தத் தோல்வி அதிகம் கற்றுத்தந்தது.

ஜூன் 11, காலை 7.40

எதிர்ப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அரெஸ்டின் பக்கம் சாய்ந்த டி.ஆர்.வி.027 என்ற மருந்தை, ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆஞ்சியோடென்சின் ஏற்பியைக் குறிவைத்து, திடீர் இதயச் செயலிழப்பு உள்ள 621 நோயாளிகளிடம் சோதித்தார்கள். போலி மருந்தைவிட நன்மை இல்லை.

ஜூன் 12, இரவு 8.50

"டிர்செபடைட் ஜி புரதச் சார்பு மருந்துதானே? அது வென்றுவிட்டதே?" இதை நான்கு பேர் கேட்டுவிட்டார்கள்.

2022 மே மாதம் சர்க்கரை நோய்க்கு அனுமதி பெற்ற, வாரம் ஒருமுறை போடும் ஊசி. இரண்டு ஏற்பிகளைத் தூண்டுகிறது. அவற்றில் ஒன்றான, குடல் ஹார்மோன் ஒன்றுக்குரிய ஜிஎல்பி-1 ஏற்பியில் அது சைக்ளிக் ஏஎம்பியை நன்றாக ஏற்றுகிறது, அரெஸ்டினை அதிகம் அழைப்பதில்லை. அதனால் ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்படுவது குறைவு. மேற்பரப்பிலேயே நின்று செய்தி தந்துகொண்டிருக்க முடிகிறது. இங்கே அரெஸ்டினைத் தவிர்ப்பதன் பொருளே வேறு. தொல்லையை வெட்டுவதற்காக அல்ல, பலன் சீக்கிரம் ஓய்ந்துவிடாமல் இருப்பதற்காக. குமட்டல் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். குமட்டலும் அதே ஜி புரத வழியில் வந்தால் போகாதுதான்.

ஆனால் அதன் வெற்றியில் எவ்வளவு சார்பினால், எவ்வளவு இரண்டாவது ஏற்பியினால் என்று பிரிப்பது கடினம். அது மட்டுமல்ல, ஏற்பி குறைவாக உள்ள செல்களில் பார்த்தால் ஜிஎல்பி-1 ஏற்பியில் டிர்செபடைட் பகுதி இயக்கியாகத்தான் தெரிகிறது. "எத்தனை ஏற்பி மிச்சம்?" என்ற கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது.

ஜூன் 8 அன்று எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். பழகிப்போவதைக் குறைப்பதில் ஓபியாய்டு எலிகளும் இதே திசையைத்தான் காட்டின. அரெஸ்டினின் பழைய வேலை, பிடித்து நிறுத்துவது. அந்த வேலையைத் தவிர்க்கும் மருந்திடம் நீடித்த பலனை எதிர்பார்க்கலாம். நல்ல நடத்தையை எதிர்பார்க்கக் காரணம் எதுவும் இல்லை.

ஜூன் 14, பிற்பகல் 3.30

மாணவிக்குப் பதில், மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே. புதுச் சேர்மம் கையில் வந்தால் சார்பு என்று எழுதும் முன் இதைச் செய்யுங்கள்: ஜி புரத அளவீட்டைப் பெருக்கம் குறைந்த இடத்தில், அதாவது ஜி புரதமே பிரிவதை நேரடியாக, அளந்து பாருங்கள். உபரி ஏற்பிகளை அடைத்துவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். புப்ரெனார்ஃபினைப் பக்கத்துக் குழிகளில் போடுங்கள். உங்கள் சேர்மம் அதைப் போலவே நடந்தால் அதன் பெயர் பகுதி இயக்கி. அரெஸ்டின் தட்டில் கைனேஸ் நொதியைக் கூட்டியும் பாருங்கள். கைனேஸ் கூடியதும் மார்ஃபினின் அரெஸ்டின் கோடு எழும்புவதை முதன்முதலாகப் பார்த்தபோது நான் தட்டைத் தவறாக மாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். மாற்றவில்லை. ஒரு செல்லில் இல்லாத சார்பு இன்னொரு செல்லில் இருக்கும்.

ஜூன் 17, மாலை 5.05

இன்று அதே பாடம் எடுத்தேன். ஏற்பியை வரைந்து, கீழே ஜி புரதத்தையும் அரெஸ்டினையும் வரைந்தேன், இரண்டும் ஒரே வெள்ளைச் சுண்ணக்கட்டியில். முன்வரிசை மாணவர் ஒருவர், "மூச்சுத் தளர்ச்சியை எந்தப் பக்கம் எழுத வேண்டும், ஐயா?" என்று கேட்டார். பீட்டா காமா துண்டிலிருந்து பொட்டாசியம் வாயிலுக்கு ஒரு கோடு, அங்கிருந்து இரண்டு செல்கள். ஒன்றின் மேல் "தண்டுவடம், வலி" என்று எழுதினேன். மற்றொன்றின் மேல் "மூளைத்தண்டு, மூச்சு" என்று எழுதினேன். அரெஸ்டினுக்குப் பக்கத்தில் "பழகிப்போதல்" என்று எழுதி, கேள்விக்குறி போட்டு, எலி என்று சேர்த்தேன்.

அப்பா நலம். கேட்ட அனைவருக்கும் நன்றி சொல்லச் சொன்னார்.